அவருக்கு பிரஷர், சொல்லாதீங்க

இல்ல, அத அப்புறம் சொல்லிக்கலாம். மொதல்ல உக்காருங்க மாப்பிள்ளை. அந்த ஸ்டூல் வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். நேத்து உங்க மச்சான் அதுல உக்காந்து விழப் பாத்தான், கொஞ்சம் விட்டிருந்தா அப்பனப் பாக்க வந்தவன் அடுத்த கட்டில்ல படுத்திருப்பான். பக்கத்துக் கட்டில்காரரோடத எடுத்துக்குங்க. அவரு காலைல போயிட்டாரு. வீட்டுக்குத்தான் போனாரு, அப்படிப் பாக்காதீங்க. நடந்துதான் போனாரு.

பைல என்ன? ஆரஞ்சா. வைங்க அங்க. ஏற்கெனவே ஒரு கடை போடற அளவுக்கு இருக்கு. ஆபரேஷனுக்கு முன்னாடி, ரத்தத்துல பொட்டாசியம் பத்தல, ஆரஞ்சு தின்னு, வாழைப்பழம் தின்னுன்னு உயிர வாங்கினாங்க. இப்ப கொஞ்ச நாளைக்கு அதெல்லாம் அளவோட தின்னணுமாம். தலைகீழா மாறிப்போச்சு. உங்ககிட்ட யாரும் சொல்லலையா? அதான. நம்ம வீட்டுல எவன் எவன்கிட்ட எதச் சொல்லியிருக்கான்.

சொல்லத்தான் வந்திருக்கீங்க, தெரியுது. ஸ்டூல் நுனில உக்காந்திருக்கீங்க, பரீட்சை எழுதப் போற பையன் மாதிரி. சாஞ்சு உக்காருங்க. பார்வை நேரம் முடிஞ்சா அவங்களே மணி அடிப்பாங்க. அதுவரைக்கும் நான் சொல்றேன், நீங்க கேளுங்க. என்ன, அதிசயமா இருக்கா? மாமா இவ்வளவு பேசுவாரான்னா? பேசுவேன். வீட்டுல எடம் கெடைக்கறதில்ல. நீங்களும் பேச மாட்டீங்க, நானும் பேச மாட்டேன். ரெண்டு பேரோட பங்கையும் சேத்து உங்க அத்தையே பேசிடுவா.

நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்னு டாக்டரம்மா காலைல சொல்லிட்டுப் போனா. உங்களுக்கும் சேதி வந்திருக்கும். கடைய யாரு பாத்துக்கறா? மூடிட்டா வந்தீங்க? இந்த வெயில்ல, ஏசி ரிப்பேர்க் கடைய மூடிட்டு, பட்டப்பகல்ல, மாமனாரப் பாக்க. சரி சரி. இருக்கட்டும். தண்ணி குடிங்க.

எனக்கு என்ன ஆபரேஷன்னு உங்களுக்கு யாராவது ஒழுங்கா சொன்னாங்களா? கட்டின்னாங்களா. கட்டியாம் கட்டி. பட்டாணி. ஒரு பட்டாணி அளவு. கிட்னிக்கு மேல தொப்பி வச்ச மாதிரி ஒரு சுரப்பி இருக்காம், ரெண்டு பக்கமும். எனக்கு இடது பக்கத்துத் தொப்பில அந்தப் பட்டாணி முளைச்சிருந்திருக்கு. எத்தன வருஷமாவோ. அது பாட்டுக்கு ஒரு ஹார்மோன ஊத்திக்கிட்டே இருந்திருக்கு. அதுக்கு ஒரு பேரு சொன்னா அந்த டாக்டர்ப் பொண்ணு. வாய்ல நிக்கல. ஹார்மோன்னா என்னம்மான்னு கேட்டேன். சேதிங்க ஐயான்னா. ரத்தத்துல போற சேதி. ஒரு எடத்துல கிளம்பும், உடம்பு பூரா சுத்தும், யாருக்குக் காது இருக்கோ அவங்களுக்கு மட்டும் கேக்கும். கிட்னிக்குக் காது இருக்கு, கேட்டா உப்பப் பிடிச்சு வச்சுக்கும். ரத்தக் குழாய்ச் சுவத்துல சதை இருக்காம், அதுக்கும் காது இருக்கு. கேட்டா இறுகும்.

எனக்குப் பட்டுனு புரிஞ்சுபோச்சு. நான் கிரேன்ல இருந்தவன்தான? நீங்க பாத்ததில்ல, உங்களுக்கு முன்னாடி அது. கப்பல்ல இருந்து சரக்கு இறக்கற கிரேன். மேல கண்ணாடிக் கூண்டுல நான் ஒருத்தன். கீழ ஒருத்தன் நின்னு கை காட்டுவான். குரல் ஏறாது மேல, எஞ்சின் சத்தமும் காத்தும் தின்னுடும். கைதான். தூக்குன்னா ஒரு மாதிரி, இறக்குன்னா ஒரு மாதிரி, நிறுத்துன்னா ஒரு மாதிரி. அவன் தூக்குன்னு காட்டினா நான் தூக்கணும். கைய மாத்தற வரைக்கும் பிடிச்ச பிடி விடக் கூடாது. அந்த டாக்டரம்மாகிட்ட சொன்னேன், புரியுதும்மா, கீழ நிக்கற பைத்தியக்காரன் கைய இறக்கவே இல்ல, அதான சங்கதின்னேன்.

அவ சிரிச்சா. சிரிச்சுட்டு, அதோட நின்னா பரவால்லைங்க ஐயான்னா.

கேளுங்க, இதுதான் விஷயமே. அந்தச் சதைல சின்னச் சின்ன செல்லு. ஒவ்வொண்ணுக்கும் ஒரே வேலை. சொன்னா இழுக்கணும், சொன்னா விடணும். அதுக்குன்னு உள்ள நூல் நூலா வச்சிருக்கு. வருஷக்கணக்கா இறுகு இறுகுன்னே சேதி வந்துக்கிட்டு இருந்தா, ஒரு கட்டத்துல அது அந்த நூல எல்லாம் கழட்டிப் போட்டுடுதாம். வேலைய மாத்திக்குது. ஒண்ணு ரெண்டாகுது, ரெண்டு நாலாகுது. தன்னச் சுத்தி கெட்டியா எதையோ பூச ஆரம்பிக்குது. இழுத்து விடறவன் கொத்தனார் ஆயிடறான். யாரும் கேக்காமலே சுவத்து மேல சுவர் வைக்கிறான். வெளியில குழாய் அதே குழாய்தான். உள்ள வழி சின்னதாயிட்டே போகுது. ரப்பரா இருந்தது இரும்பாகுது. அப்புறம் அதுக்குள்ள ரத்தத்தத் தள்ளணும்னா இதயம் என்ன பாடு படணும்? அதுவும் தடிச்சுப்போகுது. எனக்குத் தடிச்சிருக்காம். படம் போட்டுக் காட்டினா.

சரிம்மா, இப்பத்தான் பட்டாணிய எடுத்தாச்சே, சேதி நின்னுபோச்சே, இனிமே எல்லாம் சரியாயிடுமான்னேன். நல்ல பொண்ணு, மழுப்பத் தெரியல. சேதி நின்னது உண்மைதான் ஐயா, ஆனா மாறின செல்லு எல்லாம் ஒரே நாள்ல திரும்பாதுன்னா. சிலது பழைய வேலைக்கு வந்துடும். சிலது வரவே வராது. நீங்க ரொம்ப நாள் கழிச்சு வந்திருக்கீங்கன்னா. அதனால மாத்திரை கொஞ்சம் தொடரும். எவ்வளவு திரும்பும், எவ்வளவு திரும்பாதுன்னு இருந்து பாத்தாத்தான் தெரியுமாம்.

இருங்க மாப்பிள்ளை. எழுந்திரிக்காதீங்க. நான் இன்னும் முடிக்கல.

அவகிட்ட இன்னொண்ணும் கேட்டேன். அப்ப என் கோபம்? அதனால வந்ததில்லையா இது? ஏன்னா எனக்கு அப்படித்தான சொல்லி வச்சிருந்தாங்க. கோபப்படாதீங்க, கோபத்தாலதான் பிரஷரு, பிரஷராலதான் கோபமுன்னு. அவ சொன்னா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க, கோபம் உங்க சொந்தச் சரக்குன்னு. சிரிங்க, பரவால்ல. நானே சிரிச்சேன். தையல் வலிச்சுது.

ஆனா அன்னிக்கு ராத்திரி சிரிப்பு வரல. யோசிச்சுப் பாத்தேன். அப்ப அத்தனையும் எதுக்குன்னு.

உங்களுக்கு முழுசாத் தெரியாது. கிரேன்ல இருந்தப்ப வருஷா வருஷம் டாக்டர்கிட்ட காட்டணும். ஒரு வருஷம் பிரஷர் எக்கச்சக்கமா இருக்குன்னாரு. உச்சில உக்காந்திருக்கறவனுக்கு மயக்கம் வந்தா கீழ இருக்கறவன் சாவான். இறக்கிட்டாங்க. ஸ்டோர்ல உக்கார வச்சாங்க, போல்ட்டும் நட்டும் எடுத்துக் குடுக்க. சரி, அது நியாயம்தான், ஏத்துக்கிட்டேன். அன்னிக்கு அந்த டாக்டர் உங்க அத்தையத் தனியாக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிட்டாரு. இவருக்கு அதிர்ச்சியா எதையும் சொல்லாதீங்கம்மான்னு. அந்த ஆளு எத்தன பேருக்கு அப்படிச் சொல்லியிருப்பாரோ, மறுநாளே மறந்திருப்பாரு. இவ மறக்கல. அன்னில இருந்து அதுதான் அவளுக்கு உத்தியோகம். அவருக்கு பிரஷர், சொல்லாதீங்க. வாசல்லயே வர்றவங்கள நிறுத்தி, மெதுவா, காதோட. சொல்லிட்டு உள்ள விடுவா. உள்ள வர்றவன் என்ன பேசுவான்? வெயில் ஜாஸ்தி, மழை இல்ல. அவ்வளவுதான். இந்த ஊர் வானத்தப் பத்தி என்னைவிட நெறைய கேட்டவன் எவனும் இருக்க மாட்டான்.

உங்க மச்சான் காலேஜ்ல ஒரு வருஷம் கோட்டை விட்டான். எனக்கு என்ன சொன்னாங்க? ரிசல்ட் இன்னும் வரலை. கேக்கும்போதெல்லாம் வரலை. கடைசியில அவன் திரும்ப எழுதி பாஸ் பண்ணினப்புறம் ரிசல்ட் வந்துடுச்சுன்னாங்க. நான் மிட்டாய் வாங்கிக் குடுத்தேன், ரொம்பப் பொறுப்பான காலேஜு, நிதானமாத் திருத்தறாங்கன்னு.

உங்க கதை மட்டும் என்னவாம்? டிவி மெக்கானிக்குன்னு வந்தீங்க. நல்லா ஓடிக்கிட்டிருந்த டிவி. அதத் தெறந்து வச்சுக்கிட்டு, எங்க பாப்பா, இன்னிக்கு உங்க சம்சாரம், டார்ச் பிடிக்க, நீங்க உள்ள பாத்துக்கிட்டு. மாசா மாசம் அதுக்கு ஒரு வியாதி. பால்காரனுக்குத் தெரியும், எதிர்வீட்டுக்காரிக்குத் தெரியும், அவ பூனைக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நான் உங்ககிட்ட என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கா? ஏம்ப்பா, நீ தொட்டா அடுத்த மாசமே கெட்டுப்போகுது, வேற ஆளப் பாத்துக்கட்டுமான்னேன். முகம் செத்துப்போச்சு உங்களுக்கு. அப்புறம் கல்யாணம் முடிவானப்புறம் எனக்குச் சொன்னாங்க. ஆமா, முடிவானப்புறம்தான்.

குறை சொல்லல. நல்ல மாப்பிள்ளைதான் கெடைச்சாரு. டிவி மட்டும் அதுக்கப்புறம் சரியாவே ஓடல.

இதெல்லாம் போகட்டும், சிரிச்சுக்கலாம். எங்க அக்கா போனத மட்டும் என்னால சிரிக்க முடியல. அவ என்னத் தூக்கி வளத்தவ. இடுப்புல என்ன வச்சுக்கிட்டே அத்தன வேலையும் செஞ்சவ. அவ போனத உங்க அத்தை மூணு தவணையா சொன்னா. மொதல்ல அக்காவுக்குக் கொஞ்சம் முடியலையாம்னா. நாலு நாள் விட்டு, ரொம்ப முடியலையாம்னா. நான் சட்டைய மாட்டிக்கிட்டு கிளம்பறேன், வேண்டாம் வேண்டாம்னு வழி மறிக்கறா. அப்புறம் மூணாவது தவணை. உண்மையில மொதத் தவணை சொல்லும்போதே அவ போய் எல்லாம் முடிஞ்சிருந்துது. அவ முகத்த நான் பாக்கல. சொல்றப்ப உங்க அத்தை பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தா. பொய் சொல்லணும்னா அவளுக்குக் கை சும்மா இருக்காது. கழுவி வச்சதையே எடுத்து மறுபடி கழுவுவா. நானும் முட்டாள் மாதிரி பாத்துக்கிட்டிருந்தேன், இன்னிக்கு என்ன இவ்வளவு பாத்திரம்னு.

அன்னிக்குச் சண்டை. பெரிய சண்டை. கத்தினேன். கத்தக் கத்த அவ பிரஷர் மெஷின எடுத்துக்கிட்டு வந்து கைல கட்டறா. எப்படி இருக்கும் மனுஷனுக்கு?

அந்தக் கூண்டுல இருந்து எறக்கிட்டாங்கன்னு பேரு. எங்க எறக்கினாங்க? வீட்டுக்குள்ளயும் நான் மேலதான் இருந்தேன். கீழ எல்லாரும் வாய அசைக்கறது தெரியும். சத்தம் வராது. நான் ரூமுக்குள்ள வந்தா பேச்சு நிக்கும். ஏதோ ஒரு சிரிப்பு பாதில நிக்கும். என்னன்னு கேட்டா, ஒண்ணும் இல்லப்பா. ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒண்ணுமே நடக்காத வீட்டுல நான் இத்தன வருஷம் குடியிருந்திருக்கேன்.

அத்தனையும் எதுக்காக? ஒரு பட்டாணிக்காக. இவங்க வாய மூடினதுக்கு அது ஒரு சொட்டு கம்மியா ஊத்தியிருக்குமா? அதுக்கு இதெல்லாம் தெரியுமா? கோபம், துக்கம், காலேஜு, கல்யாணம், எதுவும் தெரியாது. அது பாட்டுக்கு ஊத்திக்கிட்டிருந்துது. இப்ப எடுத்தாச்சு. போய்ச் சொல்லுங்க உங்க மச்சான்கிட்டயும் பாப்பாகிட்டயும், எடுத்தாச்சு, இனிமே பேசலாம்னு. பேசுவாங்களா? மாட்டாங்க. அவங்களும் ரொம்ப நாளா இறுகிப்போனவங்க. திரும்பி வர நாளாகும்.

என்ன? இல்ல, வலியெல்லாம் இல்ல. திரும்பிப் படுத்தாத்தான். அந்தத் தலகாணிய மட்டும் கொஞ்சம் தூக்கி விடுங்க. ஆங். போதும்.

அந்த டாக்டரம்மாகிட்ட நானே கேட்டேன் முந்தாநாளு. இப்ப இந்த நெலமைல எனக்கு ஒரு கெட்ட சேதி சொன்னாங்கன்னு வச்சுக்கம்மா, என்னம்மா ஆகும்னு. ஏறும் ஐயா, அப்புறம் எறங்கும், மாடிப்படி ஏறினா ஏறாதா, அது மாதிரின்னா. சொல்லிட்டு என் நாடியப் பிடிச்சுக்கிட்டா. நாடி பாக்கற நேரமே இல்ல அது. காலைலயே நர்ஸ் பாத்து எழுதியாச்சு. சும்மா பிடிச்சுக்கிட்டு ஜன்னலப் பாத்துக்கிட்டு நின்னா. அவளுக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு அதுல புதுசா ஒண்ணும் இல்ல.

ஏன் மாப்பிள்ளை தலைய குனிஞ்சுட்டீங்க? நிமிருங்க. நான் உங்கள ஒண்ணும் திட்டல.

உங்கள அனுப்பி வச்சாங்க. தெரியும். நாளைக்கு வீட்டுக்கு வரப் போறான் கெழவன், வாசல்ல செருப்பக் கழட்டிட்டு நேரா அடுப்படிக்குப் போவான். அதுக்கு முன்னாடி யாராவது சொல்லணும். பெத்த பிள்ளைங்களுக்குத் துணிச்சல் வரல. மாப்பிள்ளை சொன்னா மாமா கத்த மாட்டாரு, மரியாதைக்காவது அடங்கி இருப்பாருன்னு ஒரு கணக்கு. போட்டது பாப்பாவாத்தான் இருக்கும். அம்மா மூளை அவளுக்கு.

எப்படித் தெரியும்னா? ஆபரேஷன் அன்னிக்கு காலைல உங்க அத்தை வந்தா. என் கண்ணாடி, என் பல் செட்டு, என் மோதிரம், எல்லாத்தையும் கழட்டி அவ கைல குடுத்தேன். கைக்குட்டைல முடிஞ்சுக்கிட்டா. பல்லு இல்லாம நல்லாத்தான் இருக்கீங்க, பேச்சு கொறையும்னா. நாலு சக்கர வண்டில தள்ளிக்கிட்டுப் போனாங்க. கண் முழிச்சப்ப அவ இல்ல. அத்தைக்குச் சளி, சளியோட வார்டுக்குள்ள விட மாட்டேங்கறாங்கன்னாங்க. சரி. போன் போட்டுக் குடுங்கன்னேன். தொண்டை கட்டியிருக்கு, பேச முடியலைன்னான் உங்க மச்சான். அத்தைக்குத் தொண்டை கட்டினா பேச மாட்டாளா? அவளா? சாயங்காலம் பாப்பா வந்தா, அம்மா போன் ரிப்பேருப்பான்னா. ரிப்பேர் பண்றவரே வீட்டு மாப்பிள்ளை. இத்தன நாளாவா ரிப்பேரு?

மறுநாளு, ஆபரேஷன் ஆனவங்கள வைக்கற கண்ணாடி ரூம்ல படுத்திருந்தேன். வெளிய தாழ்வாரத்துல பாப்பாவும் உங்க மச்சானும். சத்தம் வராது உள்ள. யாரோ பெரியம்மா முறை ஒருத்தி வந்து என்னமோ கேட்டா. பாப்பா ரெண்டு கையையும் முன்னால கோத்துக்கிட்டா, வயித்துக்கிட்ட. அப்படியே நின்னா. அந்த அம்மா தலைய ஆட்டுச்சு, உங்க மச்சான் சுவத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டான். பாப்பாவுக்குத் தெரியாது, ஹார்பர்ல அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு. கீழ இருக்கறவன் கைய அப்படிக் கோத்துட்டான்னா, எல்லாத்தையும் நிறுத்து, கட்டி வை, எறங்கி வான்னு அர்த்தம். அவ அந்த அர்த்தத்துல கோக்கல. ஆனா மேல இருந்து நான் அப்படித்தான் பாத்தேன்.

இருந்தும் மனசு ஒத்துக்கல. அன்னிக்குச் சாயங்காலம் பாப்பா எனக்கு முகம் தொடைக்க பையில இருந்து துண்ட எடுத்தா, கூடவே உங்க அத்தையோட சாவிக்கொத்து வந்து விழுந்துது. டங்குனு. அவசரமா எடுத்து உள்ள போட்டுக்கிட்டா. என்னமோ சில்லறை விழுந்துதுன்னா. நானும் எடுத்து வை, தொலைஞ்சுடப் போகுதுன்னேன். அந்தச் சாவிக்கொத்த உங்க அத்தை தூங்கும்போதுகூட இடுப்புல இருந்து கழட்ட மாட்டா. சளிக்குக் கழட்டிக் குடுப்பாளா?

அழாதீங்க. யாராவது பாத்தா எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு ஓடி வருவாங்க. கண்ணத் தொடைங்க. அந்தப் பக்கம் திரும்பித் தொடைங்க.

சொல்லாதீங்க. உங்களச் சொல்ல விடாமத்தான் நீங்க வந்ததுல இருந்து நான் பேசிக்கிட்டிருக்கேன், உங்களுக்குப் புரியல. நீங்க வாயத் தெறக்கும்போதெல்லாம் நான் பட்டாணி, கிரேன், டிவின்னு எதையாவது போட்டு மூடறேன். நான் இவ்வளவு பேசி எங்கயாவது பாத்திருக்கீங்களா? தொண்டை வறண்டுபோச்சு.

ஏன்னா கேளுங்க. உங்க மச்சான் மத்தியானத்துல வருவான், பாப்பா சாயங்காலத்துல வருவா. ரெண்டு பேரும் கலந்து பேசிக்கல போல. மச்சான் தவணை ஆரம்பிச்சுட்டான், அவன் அம்மாகிட்ட கத்துக்கிட்டது. அம்மாவுக்குக் கொஞ்சம் இரைப்பு இருக்குப்பான்னான். மறுநாள் ராத்திரி பூரா தூங்கலையாம்ப்பான்னான். சரியாத்தான் கொண்டுபோறான். ஆனா பாப்பாவால முடியல. மத்தியானம் அவன் எவ்வளவு மோசமாக்கிட்டுப் போனாலும் சாயங்காலம் வந்து அம்மாவ எழுப்பி உக்கார வச்சுடுவா. நான் கேப்பேன், அம்மா எப்படிம்மா இருக்கான்னு. இன்னிக்குத் தேவலைப்பா, காபி கேட்டு வாங்கிக் குடிச்சாங்கன்னா. இன்னொரு நாள், வேலைக்காரி சரியாப் பெருக்கலைன்னு சத்தம் போட்டாங்கன்னா. நேத்து என்ன சொன்னா தெரியுமா? அம்மா ஜன்னல் தொட்டிக்கெல்லாம் தண்ணி ஊத்தினாங்க, அப்புறம் உங்க சட்டை எல்லாத்தையும் எடுத்து பட்டன் சரியா இருக்கான்னு பாத்தாங்கன்னா. சொல்லும்போது அவ கை போர்வைய மடிச்சு மடிச்சுப் பிரிச்சுக்கிட்டிருந்துது. நான் கண்ண மூடிக்கிட்டு கேட்டுக்கிட்டிருந்தேன். எந்தச் சட்டைன்னு கூடக் கேட்டேன். அந்தக் கட்டம் போட்டதுல ஒரு பட்டன் இல்லையாம்.

வாழ்க்கைல மொத தடவையா என் வீட்டுல என்ன நடக்குதுன்னு எனக்கு ஒவ்வொண்ணா வந்து சொல்றாங்க மாப்பிள்ளை.

ஆங், மணி அடிச்சாச்சு. கிளம்புங்க. பாப்பா கேட்டா, மாமாகிட்ட சொல்ல முடியல, பேசிக்கிட்டே இருந்தாருன்னு சொல்லுங்க. நம்ப மாட்டா. நம்பட்டும், நம்பாம போகட்டும். இன்னிக்குச் சாயங்காலம் எப்பவும் போல வரச் சொல்லுங்க. நானும் எப்பவும் போலக் கேப்பேன். உங்க அத்தை இன்னிக்கு என்ன பண்ணினான்னு தெரிஞ்சுக்கறேன்.

நாளைக்கு நீங்கதான வண்டி கொண்டு வருவீங்க? பின்னாடி யாரையும் ஏத்தாதீங்க. நாம ரெண்டு பேர் மட்டும். மெயின் ரோடு ஏறினப்புறம் சொல்லுங்க. எப்படி ஆச்சு, யாரு கூட இருந்தாங்க, எதாவது சொன்னாளா, எங்க கொண்டுபோனீங்க, எல்லாம். ஒண்ணு விடக் கூடாது. தவணை கிவணை வேண்டாம், ஒரே மூச்சுல சொல்லிடுங்க. சொல்லும்போது ரோட்டப் பாத்து ஓட்டுங்க. என்னப் பாக்காதீங்க.